ஜீவனிப் பக்கற்றுக்கு எவ்வளவு தண்ணீர்?

மழை பிடித்துவிட்டால் நமது லயங்களுக்கு முதலில் வருவது தடிமன், அதற்குப் பின்னாலேயே வருவது வயிற்றோட்டம். பீலித் தண்ணி கலங்கி ஓடும். மேட்டில் கிடக்கிற அழுக்கையெல்லாம் மழை அடித்துக்கொண்டு கானில் இறக்கும். பிள்ளைக்கு இரண்டு மூன்று தரம் தண்ணியாகப் போனதும் டிஸ்பென்சரிக்குப் போய் ஜீவனிப் பக்கற் வாங்கி வருகிறோம். இதுவரைக்கும் செய்தது எல்லாம் சரிதான். பிழை நடப்பது அதற்குப் பிறகு, பக்கற்றை வெட்டி எதில் கொட்டுகிறோம், எவ்வளவு தண்ணி ஊற்றுகிறோம் என்பதில்.

சில வீடுகளில் ஒரு போத்தல் தண்ணியில் கரைக்கிறார்கள். சில வீடுகளில் தேத்தண்ணிக் கிளாஸ்தான் அளவு. இன்னும் சிலர், "புள்ள அவ்வளவு தண்ணி குடிக்காது, பாதித் தண்ணியில கெட்டியாக் கலக்குவோம், சத்து கூடத்தானே" என்று நினைக்கிறார்கள். கெட்டியாகக் கலக்கினால் சத்துக் கூடாது, ஆபத்துத்தான் கூடும். ஏன் என்று இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இந்தக் கணக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையின் கொப்பியிலேயே இருக்கிறது. இரசாயனவியல் பாடத்தில், "கரையத்தின் திணிவு இவ்வளவு, கரைசலின் செறிவு இவ்வளவு, அப்படியானால் கனவளவு என்ன?" என்று ஒரு கேள்வி வரும். ஜீவனிப் பக்கற்றில் எழுதியிருக்கிற "ஒரு லீற்றர்" என்பது அந்தக் கேள்வியின் விடைதான்.

முதலில் பக்கற்றுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2002ஆம் ஆண்டு முதல் சிபாரிசு செய்கிற அளவு இது: சோடியம் குளோரைட்டு, அதாவது கறிக்குப் போடுகிற உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். எல்லாம் சேர்த்து 20.5 கிராம். சுவையூட்டி சேர்த்த பக்கற் என்றால் நிறை சற்றுக் கூடலாம்.

உப்பு 2.6, குளுக்கோசு 13.5 என்றதும், ஒரு பங்கு உப்புக்கு ஐந்து பங்கு இனிப்பு போட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். நிறையைப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் நமது குடல் நிறை பார்ப்பதில்லை, எண்ணிக்கை பார்க்கிறது. அரைக் கிலோ கடுகில் இருக்கிற மணிகளின் எண்ணிக்கையும் அரைக் கிலோ கடலையில் இருக்கிற மணிகளின் எண்ணிக்கையும் ஒன்றா? இல்லை. கடுகு சிறியது, அதனால் எண்ணிக்கை கூட. அதுபோல உப்பின் துணிக்கை இலேசானது, குளுக்கோசின் துணிக்கை பாரமானது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துணிக்கைகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால் விஞ்ஞானிகள் ஒரு பெரிய கட்டை வைத்துக்கொண்டார்கள். ஒரு டசின் என்றால் 12 என்பதுபோல, ஒரு மூல் என்றால் 6022-க்குப் பின்னால் 20 பூச்சியம் போட்டால் வருகிற எண்ணிக்கை. அவ்வளவையும் எண்ண வேண்டியதில்லை, நிறுத்தால் போதும். 58.5 கிராம் உப்பு நிறுத்தால் அது ஒரு மூல். குளுக்கோசு 180 கிராம் நிறுத்தால் ஒரு மூல். பொற்றாசியம் குளோரைட்டு 74.5 கிராம். பக்கற்றில் போடுகிற சோடியம் சித்திரேற்று, தன்னோடு ஒட்டியிருக்கிற நீரையும் சேர்த்து, 294 கிராம். இதற்குத்தான் பாடப் புத்தகத்தில் மூலர்த்திணிவு என்று பெயர்.

ஒரு லீற்றர் கரைசலில் எத்தனை மூல் இருக்கிறது என்பதே செறிவு. மூலர்த்திறன் என்றும் சொல்வார்கள். ஜீவனி போன்ற கரைசலில் ஒரு லீற்றருக்கு 0.075 மூல் குளுக்கோசு இருக்கவேண்டும் என்பது வைத்திய நிபுணர்கள் தீர்மானித்த அளவு. பக்கற்றில் இருப்பதோ 13.5 கிராம். அப்படியானால் எவ்வளவு கரைசல் செய்யலாம்?

முதலில் மூல் எண்ணிக்கை: 13.5 ÷ 180 = 0.075 மூல்.
அடுத்தது கனவளவு: 0.075 ÷ 0.075 = 1 லீற்றர்.

அவ்வளவுதான். ஒரே வரியில் எழுதுவதானால்: கனவளவு = திணிவு ÷ (மூலர்த்திணிவு × செறிவு).

பொற்றாசியத்தை வைத்துப் பார்த்தாலும் இதே விடைதான் வருகிறதா என்று சோதிக்கலாம். அது லீற்றருக்கு 0.020 மூல் இருக்கவேண்டும். 1.5 ÷ 74.5 = 0.0201 மூல். இதை 0.020ஆல் வகுத்தால் ஒரு லீற்றரும் கொஞ்சமும். சோடியம் கொஞ்சம் சுற்றி வரும், ஏனென்றால் அது இரண்டு இடத்தில் இருந்து வருகிறது. உப்பில் இருந்து 2.6 ÷ 58.5 = 0.0444 மூல். சித்திரேற்றில் இருந்து 2.9 ÷ 294 = 0.00986 மூல். ஆனால் ஒரு சித்திரேற்றில் மூன்று சோடியம் இருப்பதால் அதை மூன்றால் பெருக்கவேண்டும், 0.0296. இரண்டையும் கூட்டினால் 0.0740. சோடியத்துக்கு வேண்டிய செறிவும் 0.075தான். வகுத்துப் பாருங்கள், 0.987 லீற்றர் வரும். கிராம் கணக்கை ஒரு தசம தானத்துக்குச் சுருக்கியதால் வருகிற சின்ன வித்தியாசம் அது. எந்தப் பக்கமாகப் போனாலும் ஒரு லீற்றரில்தான் வந்து நிற்கிறது.

இப்போது திரும்பவும் பாருங்கள்: சோடியம் 0.075, குளுக்கோசு 0.075. நிறையில் ஐந்துக்கு ஒன்றாகத் தெரிந்தது எண்ணிக்கையில் சரிசமம். இது தற்செயலாக வந்ததல்ல. சிறுகுடலின் சுவரிலே ஒரு விசேஷ வாசல் இருக்கிறது. குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே எடுக்கும். அவை உள்ளே போனால் தண்ணியும் பின்னாலேயே போகும். கொலரா போன்ற கடும் வயிற்றோட்டத்திலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. வெறும் உப்புத் தண்ணி கொடுத்தால் சரிவராததும், வெறும் சீனித் தண்ணி கொடுத்தால் சரிவராததும் இதனால்தான். குளுக்கோசு குறைந்தது சோடியத்தின் எண்ணிக்கை அளவுக்காவது இருக்கவேண்டும், அதேநேரம் அளவுக்கு மீறியும் போகக்கூடாது என்பது விதி.

போத்தல் ஒரு லீற்றர் அல்ல

இனி நமது வீட்டுப் போத்தலுக்கு வருவோம். நம் நாட்டில் "ஒரு போத்தல்" என்றால் 750 மில்லிலீற்றர். தேங்காய் எண்ணெய் அளக்கிற போத்தலும் அதுதான், சாராயப் பெரிய போத்தலும் அதுதான். அந்தப் போத்தல் வீட்டுக்கு எப்படி வந்தது என்று நாம் கேட்கப்போவதில்லை. ஆனால் அது லீற்றருக்குக் கால் பங்கு குறைவு என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

ஒரு லீற்றர் பக்கற்றை இந்தப் போத்தலில் கரைத்தால் என்ன நடக்கும்? பக்கற்றில் உள்ள மூல் எண்ணிக்கை மாறாது, தண்ணிதான் குறைகிறது. ஆகவே செறிவு ஏறும். ஒரு மூலின் ஆயிரத்தில் ஒரு பங்கை மில்லிமூல் என்று வைத்துக்கொண்டால், சரியாகக் கரைத்த ஒரு லீற்றரில் சோடியம் 75 மில்லிமூல். 75 ÷ 0.75 = 100. போத்தலில் கரைத்தால் லீற்றருக்கு 100 மில்லிமூல். அரை லீற்றர் போத்தலில் கரைத்தால் 150. நமது இரத்தத்திலேயே சோடியம் 135க்கும் 145க்கும் இடையில்தான் இருக்கிறது. அதைவிட உப்பான தண்ணியை, ஏற்கெனவே காய்ந்துபோயிருக்கிற பிள்ளைக்கு ஊற்றுகிறோம் என்று அர்த்தம்.

சோடியம் மட்டும் அல்ல, மொத்தத் துணிக்கைகளையும் கூட்டிப் பார்க்கவேண்டும். சோடியம் 75, குளோரைட்டு 65, குளுக்கோசு 75, பொற்றாசியம் 20, சித்திரேற்று 10. மொத்தம் 245. இரத்தத்தில் இது ஏறத்தாழ 290. கரைசல் இரத்தத்தைவிட ஐதாக இருப்பதால் தண்ணி குடலில் இருந்து இரத்தத்துக்கு இலகுவாகப் போகும். போத்தலில் கரைத்தால் 245 ÷ 0.75, அதாவது 327. இப்போது இரத்தத்தைவிடக் கரைசல்தான் செறிவு கூடியது. தண்ணி எந்தப் பக்கம் போகும்?

கொழுந்து மலைக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலில் ஏறின அட்டை மேல் உப்பைப் போட்டால் என்ன ஆகிறது? அதன் உடம்பில் உள்ள தண்ணியை உப்பு வெளியே இழுக்கும், அட்டை சுருங்கி விழும். செறிவு கூடிய பக்கத்துக்குத் தண்ணி நகர்கிற இந்தச் சங்கதியைப் பாடசாலையில் பிரசாரணம் என்று படிப்பிக்கிறார்கள். கெட்டியாகக் கலந்த ஜீவனி பிள்ளையின் குடலில் இதே வேலையைத்தான் பார்க்கும். உடம்புக்குள்ளே போகவேண்டிய தண்ணி குடலுக்குத் திரும்பி வரும். வயிற்றோட்டம் கூடும். இரத்தத்தில் சோடியம் ஏறினால் வலிப்புக்கூட வரலாம்.

2002க்கு முன்னர் இருந்த பழைய பக்கற்றில் உப்பு 3.5 கிராம், குளுக்கோசு 20 கிராம். அதைச் சரியாக ஒரு லீற்றரில் கரைத்தாலும் மொத்தம் 311 ஆக இருந்தது. அதைக் குறைத்தால் வயிற்றோட்டமும் வாந்தியும் குறைகிறது, சேலைன் ஏற்றவேண்டிய தேவையும் குறைகிறது என்று கண்டுதான் 245க்கு இறக்கினார்கள். உலகமே கூடிக் குறைத்த செறிவை நாம் ஒரு போத்தலை வைத்துத் திரும்ப 327க்கு ஏற்றிவிடுகிறோம்.

மற்றப் பக்கமும் உண்டு. ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் ஒரு பக்கற்றைக் கொட்டி நிரப்பினால் சோடியம் 50க்கு இறங்கிவிடும். இது கெட்டியாகக் கலப்பதைப் போல உடனே ஆபத்தானது அல்ல என்றாலும், இழந்த உப்பைப் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்காது.

வீட்டிலே ஒரு லீற்றரை அளப்பது

கடையில் விற்கிற குடிதண்ணிப் போத்தலில் அளவு அச்சடித்திருக்கும். 1 லீற்றர் போத்தல் என்றால் ஒன்று, 500 மில்லிலீற்றர் என்றால் இரண்டு. அதுவும் இல்லை, 750 போத்தல்தான் இருக்கிறது என்றால், ஒரு முழுப் போத்தலும் அதன் மேல் இன்னொரு போத்தலில் மூன்றில் ஒரு பங்கும் (250 மில்லிலீற்றர்) ஊற்றினால் ஒரு லீற்றர். அந்த மூன்றில் ஒரு பங்கைக் கண்மட்டத்தில் பிடிப்பது கஷ்டம் என்பதால் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு நல்லதாகத் தெரிகிற வழி இது. சுகமாக இருக்கிற ஒரு நாளில், அவசரம் இல்லாத நேரத்தில், மூடியுள்ள ஒரு ஜக்கையோ பாத்திரத்தையோ எடுத்து, அளந்த ஒரு லீற்றர் தண்ணியை அதில் ஊற்றி, தண்ணி நிற்கிற மட்டத்தில் ஆணியால் கீறியோ பெயின்ற் தடவியோ ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். இராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழும்போது கணக்குப் பார்க்கத் தேவையில்லை, கோடு வரைக்கும் ஊற்றினால் சரி. பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ள கனமானக் குடுவையின் கழுத்திலும் இதேபோல ஒரு கோடுதான் இருக்கிறது. பிள்ளைக் காம்பராவிலும் இப்படி ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளலாம்.

மருந்தடிக்கிற வேலைக்குப் போகிறவர்கள் "இவ்வளவு மருந்துக்கு இவ்வளவு தண்ணி" என்பதை நன்றாக அறிந்தவர்கள். வீட்டில் அளந்து அடையாளம் போடும் வேலையை அவர்களிடமே கொடுக்கலாம். ஆனால் மருந்து வந்த கேனையோ போத்தலையோ, எத்தனை தரம் கழுவியிருந்தாலும், இதற்கு எடுக்கவே கூடாது.

தண்ணியைக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, பிறகு அளந்து, அதன் பின்தான் பக்கற்றைக் கொட்டவேண்டும். சிலர் கரைத்த பின்னர் அடுப்பில் வைக்கிறார்கள். அப்போது தண்ணி ஆவியாகிக் கனவளவு குறையும், உப்பு அப்படியே இருக்கும். செறிவு ஏறிவிடும், கணக்கு முழுவதும் பிழைத்துவிடும். பாலிலோ தேத்தண்ணியிலோ சோடாவிலோ கரைப்பதும், "புள்ளைக்கு ருசிக்கட்டும்" என்று சீனி போடுவதும் அதே மாதிரிப் பிழைதான், துணிக்கைகளின் எண்ணிக்கை கூடிவிடுகிறது.

பக்கற்றைப் பாதியாகப் பிரித்து அரை லீற்றரில் கரைக்கலாமே என்று கேட்பார்கள். பாதித் திணிவுக்குப் பாதிக் கனவளவு, கணக்கின்படி செறிவு மாறாது. ஆனால் பக்கற்றுக்குள் உப்பும் குளுக்கோசும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று நம்ப முடியாது. கையால் பிரிக்கும்போது ஒரு பாதியில் உப்பு கூடிப்போகலாம். ஆகவே முழுப் பக்கற்றையும் ஒரு லீற்றரில் கரைத்து, வேண்டிய அளவை எடுத்துக் கொடுங்கள். 24 மணித்தியாலம் கடந்தால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். இனிப்புத் தண்ணியில் கிருமி பெருகும், கொட்டுகிறோமே என்று மனம் வருந்த வேண்டாம். சில கடைகளில் 200 மில்லிலீற்றருக்கான சிறிய பக்கற்றும் கிடைக்கும். அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு தூள்தான் இருக்கும். அதை ஒரு லீற்றரில் கரைத்தால் வெறும் தண்ணி மாதிரித்தான். எந்தப் பக்கற்றாக இருந்தாலும் மேலே எழுதியிருக்கிற கனவளவை வாசித்த பிறகே வெட்டுங்கள். பெரியவர்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டால் பிள்ளைகள் வாசித்துச் சொல்லுங்கள்.

இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தரம் வயிற்றால் போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர், இரண்டில் இருந்து பத்து வயது வரை 100 முதல் 200 மில்லிலீற்றர். கரண்டி கரண்டியாகக் கொடுக்கவேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவேண்டாம். கண் குழி விழுந்தால், பிள்ளை சோர்ந்து எழும்பாமல் கிடந்தால், குடிக்க முடியாமல் போனால், மலத்தில் இரத்தம் கண்டால், வீட்டில் வைத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேண்டும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. மூலர்த்திறன் கணக்கில் வரும் கனவளவு, கரைசலின் கனவளவு. ஊற்றிய தண்ணியின் கனவளவு அல்ல. ஆய்வுகூடத்தில் தூளைக் கொஞ்சத் தண்ணியில் கரைத்துவிட்டுப் பிறகு கோடு வரை நிரப்புவது அதனால்தான். ஜீவனிக்கு ஒரு லீற்றர் தண்ணியில் தூளைப் போடும்போது கனவளவு சுமார் ஒரு சதவீதம் கூடும், மருந்துக்கு அது பெரிய குற்றமில்லை. பரீட்சைத் தாளில் குற்றம்தான். இன்னொன்று, விடையை மில்லிலீற்றரில் கேட்டிருந்தால் கடைசியில் 1000ஆல் பெருக்க மறக்கவேண்டாம். புத்தகத்தில் கன டெசிமீற்றர் என்று போட்டிருந்தால் பயப்படவும் வேண்டாம், அது நமது லீற்றரேதான்.

கடைசியாக, பயிற்சிக்கு ஒரு கணக்கு. இது கற்பனைக் கணக்கல்ல. 1971ஆம் ஆண்டு வங்காளதேச யுத்தத்தின்போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். மேற்கு வங்காளத்தின் எல்லை ஊரான பொன்காவ் ஆஸ்பத்திரியில் கொலரா நோயாளிகள் நிலத்தில் கிடந்தார்கள், ஏற்றுவதற்குச் சேலைன் போதவில்லை. டொக்டர் திலிப் மஹாலனாபிஸ் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். கல்கத்தாவில் 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் அப்பச்சோடா என்ற விகிதத்தில் ஒரு லீற்றருக்குக் கணக்குப் பண்ணிப் பைகளில் கட்டி, தண்ணியில் கரைத்துப் பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். அதற்கு முன்னர் நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது நூற்றுக்கு 4க்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். அடுத்த வருஷம் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது.

அப்பச்சோடாவின் மூலர்த்திணிவு 84, அதில் ஒரு சோடியம். அவருடைய கலவையில் ஒரு லீற்றருக்கு எத்தனை மில்லிமூல் சோடியம் இருந்தது? அதே தூளை எடுத்து, சோடியம் 75 மில்லிமூலாக இருக்கும்படி கரைப்பதானால் கனவளவு என்னவாக இருக்கவேண்டும்? விடை முறையே 90க்கும் 1.2 லீற்றருக்கும் மிகக் கிட்ட வரவேண்டும். வராவிட்டால் செய்கை வழியோடு உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.